பூட்டுமுன் பாருங்கள்

(பெற்றோர், பாலர் பாடசாலை ஆசிரியைகள், வேன் சாரதிகள் ஆகியோருக்காகக் கோமாரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெயில் கடுமையாகும் நாட்களில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை அறிவித்தல் ஒன்றை வெளியிடுகிறது. கிழக்கு மாகாணத்தின் பெயர் அதில் அடிக்கடி வரும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், வேலைத்தளத்தில் நிழலில் இளைப்பாறுங்கள், முதியோரையும் நோயாளரையும் போய்ப் பாருங்கள், வெளிர்நிற உடை உடுத்துங்கள் என்று போகும் அந்த அறிவித்தலில் வாகனங்களைப் பற்றியும் ஒரு வரி உண்டு. பிள்ளைகளை வாகனத்தில் தனியே விட வேண்டாம் என்பதே அந்த வரி. மற்ற அறிவுரைகளுக்குக் காது கொடுக்கும் நாம் இதை மட்டும் கேட்டும் கேளாமல் விட்டுவிடுகிறோம். பெற்ற பிள்ளையை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறவர் யார், அது பாசமில்லாத வேறு யாருக்கோ சொல்லப்பட்டது என்று நினைக்கிறோம். அந்த நினைப்புப் பிழையானது என்பதை நிறுவுவதே இன்று என் நோக்கம். பாசம் மறதியைத் தடுப்பதில்லை. விளையாட்டுப் பிள்ளையைக் கார்க் கதவிலிருந்து விலக்கி வைப்பதுமில்லை. பிள்ளையைக் காப்பவை மூன்று: மாறாத ஒரு பழக்கம், பூட்டிய கதவு, கணக்குக் கேட்கும் இன்னொரு மனிதர். இந்த மூன்றும் நம்மிடம் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

முதலில் சூட்டைப் பார்ப்போம். கச்சான் காற்றைப் பற்றி இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் வற்றி, கீழே இறங்க இறங்கச் சூடேறி நம்மிடம் வந்து சேர்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் பொத்துவிலிலிருந்து கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று வழியாகக் கல்முனை வரை வீதியோரத்தில் நிற்கும் ஒவ்வொரு வாகனமும் வெயிலைக் குடித்துக்கொண்டுதான் நிற்கிறது. கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெயில் ஆசனங்களையும் டாஷ்போட்டையும் சுட வைக்கிறது, அவை உள்ளிருக்கும் காற்றைச் சுட வைக்கின்றன, அந்தக் காற்றுக்கு வெளியேற வழியில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2005ஆம் ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் இதன் அளவுகளை வெளியிட்டார்கள். நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை சராசரியாக 22 பாகை செல்சியஸ் ஏறியது. அந்த ஏற்றத்தில் 80 வீதம் முதல் அரை மணி நேரத்துக்குள் நடந்து முடிந்தது. கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்துப் பார்த்தபோதும் பெரிய வித்தியாசம் இல்லை. “கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டுத்தானே போனேன்” என்று சொல்பவருக்கு அந்த ஆய்விலேயே பதில் இருக்கிறது.

“மர நிழலில்தானே விட்டேன்” என்பவருக்கு 2018ஆம் ஆண்டு அரிசோனாவில் செய்த ஆய்வு பதில் சொல்கிறது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற வாகனத்துக்குள் காற்று சராசரியாக 46, 47 பாகை வரை போனது. டாஷ்போட் 69 பாகையைத் தொட்டது, ஆசனம் 50 பாகையைத் தாண்டியது. நிழலில் நின்ற வாகனத்துக்குள் காற்று 38 பாகை. இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று அந்த வெயில் வாகனத்துக்குள் இருந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலும், நிழல் வாகனத்துக்குள் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்னரும் உடல் ஆபத்தான சூட்டை எட்டிவிடும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். நிழல் தருவது கொஞ்சம் அவகாசம் மட்டுமே. அந்த அவகாசமும் பெரியவர் ஒருவருக்கு நினைவு வந்து திரும்பி வந்தால்தான் உதவும். பிள்ளையின் உடலோ பெரியவர்களின் உடலைப் போன்றதல்ல. அதன் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், வியர்த்துக் குளிரும் திறன் குறைவு. அதனால் குழந்தையின் உடற்சூடு வளர்ந்தவரின் உடற்சூட்டைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாக ஏறுகிறது. உடற்சூடு 40 பாகையைத் தாண்டினால் வெப்பத்தாக்கு, இன்னும் இரண்டு பாகை ஏறினால் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கின்றன. இவை போதாதென்று அந்தப் பிள்ளைக்குப் பட்டியைக் கழற்றத் தெரியாது, கதவைத் திறக்கத் தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தால் அழவும் செய்யாது.

இனி மறதிக்கு வருவோம். அமெரிக்காவில் 1998 முதல் வாகனச் சூட்டில் நேரும் பிள்ளை மரணங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வருகிறார்கள். சராசரியாக ஆண்டுக்கு 37 பிள்ளைகள், 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் 50க்கு மேல். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மறந்து விடப்பட்டவர்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் நிறுத்திய வாகனத்துக்குள் தாமாக ஏறி மாட்டிக்கொண்டவர்கள். தெரிந்தே விட்டுச் செல்லப்பட்டவர்கள் இவ்விரு வகையினரையும் விடக் குறைவு. மறந்தவர்கள் யார் என்று பார்த்தால் குடிகாரரும் பொறுப்பற்றவரும் அல்லர். ஆசிரியர், மருத்துவர், சமயப் பணியாளர், இராணுவ வீரர் என்று எல்லாத் தொழிலினரும் இருக்கிறார்கள். மறந்து விடப்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பகல் பராமரிப்பு நிலையத்திலோ பாலர் பாடசாலையிலோ இறக்கிவிடப்பட வேண்டியவர்கள். 2023 அக்டோபரில் கோலாலம்பூரின் செராஸ் பகுதியில் நடந்ததும் அதுதான். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு வந்ததாகவே தாய் நம்பியிருந்தார். பின்னேரம் தகப்பன் பிள்ளையைக் கூட்டப் போனபோதுதான் பிள்ளை அங்கே வரவேயில்லை என்பது தெரிந்தது. அந்தத் தாய் ஒரு வைத்தியர். வெப்பம் குழந்தையின் உடலை என்ன செய்யும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அறிவும் பாசமும் உள்ளவருக்கு இது எப்படி நேர்கிறது? தென் புளோரிடா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் அறிஞர் டேவிட் டயமண்ட் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்தவர். அவர் தரும் விளக்கம் இது: நம் மூளையில் பழக்கத்தை நடத்தும் பகுதி ஒன்று, இனிச் செய்யவேண்டியதை நினைவில் வைத்திருக்கும் பகுதி வேறொன்று. தினமும் போகும் வழியில் வண்டி ஓட்டும்போது பழக்கம் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. பட்டிக்குத் திரும்பும் மாட்டைப் போல அது தெரிந்த வழியிலேயே நம்மை இழுத்துச் செல்கிறது. இன்றைக்கு மட்டும் இடையில் ஒரு இடத்தில் நிறுத்த வேண்டும் என்ற நினைவு அந்த இழுப்பில் அமிழ்ந்துவிடுகிறது. பால் வாங்க நினைத்துக்கொண்டு புறப்பட்டு, நேரே வீட்டுக்கு வந்து சேர்வது எல்லோருக்கும் நடக்கும். பாலை மறக்க வைக்கும் அதே பிழைதான் பிள்ளையையும் மறக்க வைக்கிறது. மூளை இது பால், இது பிள்ளை என்று தரம் பிரித்து மறப்பதில்லை. இன்னும் மோசமானது, செய்யாத வேலையைச் செய்துவிட்டதாக அது நம்ப வைப்பது. பிள்ளையை இறக்கிவிட்டோம் என்று உறுதியாக நம்புகிறவருக்கு நாள் முழுக்க எந்த உறுத்தலும் வராது. தூக்கமின்மை, மனக்கவலை, வழக்கத்தில் வரும் மாற்றம் ஆகிய மூன்றும் இந்தப் பிழைக்கு வாசல் திறக்கின்றன. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்பி அரைத் தூக்கத்தோடு வேலைக்குப் போகும் வாப்பாவையும், கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்த தாயையும் நினைத்துப் பாருங்கள். வழமையாகக் கூட்டிப்போகும் உம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நாளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகும் சாச்சாவையும் நினைத்துப் பாருங்கள். மூன்று நிலைமைகளும் நம் வீடுகளில் அன்றாடம் உள்ளவை.

“எங்கள் குடும்பங்கள் பெரிய குடும்பங்கள், பிள்ளையைப் பார்க்க மூத்தம்மா இருக்கிறார், மாமி இருக்கிறார், தனியே வாழும் வெள்ளைக்காரருக்கு வரும் நோய் நமக்கு வராது” என்று சிலர் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. ஆட்கள் அதிகமுள்ள வீட்டில் பிள்ளை தனியே கிடக்கும் நேரம் குறைவு. ஆனால் அதே வீட்டில்தான் பொறுப்பும் கை மாறிக்கொண்டே இருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் பத்துப் பேர் ஒரு வேனில் போய் இறங்கும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பின் ஆசனத்தில் தூங்கும் பிள்ளையை மாமி தூக்கியிருப்பார் என்று தாய் நினைக்கிறார், தாய் தூக்கியிருப்பார் என்று மாமி நினைக்கிறார். எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று சாரதி நினைக்கிறார். கறுத்த கண்ணாடியும் திரைச்சீலையும் உள்ள வேனுக்குள் யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. பத்துப் பேர் இருக்கிறார்கள் என்பதே பத்துப் பேரையும் கவலையற்றவர்களாக்கிவிடும். ஆகவே ஆள் பலம் மட்டும் போதாது. இந்தப் பிள்ளைக்கு இன்று இவர்தான் பொறுப்பு என்று வாய்விட்டு ஒரு பெயர் சொல்லப்பட வேண்டும்.

பாடசாலை வாகனங்களில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. 2022 செப்டெம்பரில் கத்தாரின் அல் வக்ராவில், பாலர் பாடசாலைக்குப் போகும் வழியில் பஸ்ஸுக்குள் உறங்கிப்போன கேரளத்துப் பெற்றோரின் மகளை உள்ளே வைத்தே பூட்டிவிட்டுப் போனார்கள். அன்று அவளுக்கு நான்காவது பிறந்தநாள். நம் ஊர்ப் பிள்ளைகள் பலரின் வாப்பாமார் உழைக்கும் நாட்டில் நடந்தது அது. அந்நாட்டுக் கல்வி அமைச்சு அந்தப் பாலர் பாடசாலையை மூடியது. அதே மாதத்தில் ஜப்பானின் மக்கினோஹரா நகரில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பாலர் பாடசாலை பஸ்ஸுக்குள் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கிடந்து இறந்தாள். அங்கே நடந்ததை ஒவ்வொரு கண்ணியாகப் பாருங்கள். வழமையான சாரதி வரவில்லை, பாடசாலையின் தலைவரே பஸ்ஸை ஓட்டினார். இறங்கிய பின் ஆசனங்களை யாரும் பார்க்கவில்லை. வகுப்பில் பிள்ளை இல்லாததைக் கண்ட ஆசிரியை வீட்டாரைக் கேட்கவில்லை. மூன்று இடங்களில் ஓரிடத்தில் ஒருவர் ஒரு நிமிடம் செலவழித்திருந்தாலும் சிறுமி உயிரோடு இருந்திருப்பாள். ஜப்பானிய அரசு இதை ஒரு தனிமனிதரின் குற்றமாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. 2023 ஏப்ரல் முதல் பாலர் பாடசாலை பஸ்களில் எச்சரிக்கைக் கருவியையும், ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகளைச் சரிபார்ப்பதையும் கட்டாயமாக்கியது. கருவியின் வேலை எளிது. சாரதி பின் ஆசனம் வரை நடந்து போய் அங்குள்ள பொத்தானை அழுத்தினால்தான் அது சத்தமிடுவதை நிறுத்தும். நம் வேன்களுக்கு அந்தக் கருவி வேண்டியதில்லை. பின் ஆசனம் வரை நடக்கும் கால்கள் இருந்தால் போதும்.

நம் பக்கத்து நாட்டிலிருந்து வரும் செய்திகள் இன்னொரு வாசலைக் காட்டுகின்றன. 2022 ஜூன் 4ஆம் திகதி, திருநெல்வேலி மாவட்டத்துப் பணகுடிக்கு அருகே லெப்பைக் குடியிருப்பில், வீட்டருகே நின்ற காருக்குள் விளையாட ஏறிய மூன்று பிள்ளைகள் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். வயது 7, 5, 4. 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் மாவட்டத்தில் துவாரபூடி என்ற ஊரில் அதே விதமாக நான்கு பிள்ளைகள், 6 முதல் 8 வயது வரை. 2017 ஜூனில் ஹரியானாவில் ஐந்து வயது இரட்டைச் சகோதரிகள். இவர்களை யாரும் மறந்து விடவில்லை. வீட்டு வாசலில்தான் விளையாடுகிறார்கள் என்று பெரியவர்கள் நம்பியிருந்தார்கள். காரின் கதவு பூட்டப்படாமல் இருந்தது, உள்ளே போன பிள்ளைகளுக்குத் திறந்து வெளியே வரத் தெரியவில்லை. பின் கதவில் பிள்ளைப் பூட்டுப் போட்டிருந்தால் உள்ளிருந்து பெரியவருக்கே திறக்க முடியாது. என் கணிப்பில் இந்தக் கரைக்கு மிக நெருக்கமான ஆபத்து இதுதான். நம் வளவுகள் திறந்தவை, மதிலேறி அடுத்த வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் நம்முடையவை. கராஜ் வாசலில் பழுதாகிக் கிடக்கும் வாகனங்களும் ஊருக்கு ஊர் உண்டு. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. கார் வராத வீடுகளுக்கும் இனிக் கார் வரும். காரோடு சேர்ந்து பழகிய எச்சரிக்கை மட்டும் அந்த வீடுகளில் இன்னும் இருக்காது.

“நம் பகுதியில் வீதி விபத்திலும் கடலிலும் குளத்திலும் பறிபோகும் உயிர்கள் இதைவிட அதிகம் அல்லவா, இதற்கொரு கூட்டம் தேவையா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணிக்கையில் அவைதாம் பெரியவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீதியைத் திருத்தப் பணம் வேண்டும், கடற்கரைக்குக் காவல் போட ஆள் வேண்டும். இந்த மரணத்தைத் தடுக்கச் சதக்காசு செலவில்லை. “ஏசியைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்” என்பவருக்கும் ஒரு சொல். எஞ்சின் நின்றால் ஏசியும் நிற்கும். கியரைத் தட்டும் பிள்ளையின் கை வண்டியை நகர்த்தும். மூடிய கராஜுக்குள் ஓடும் எஞ்சின் காபன் மோனொக்சைட்டை நிரப்பும். ஐந்து நிமிடம் என்று கடைக்குள் போனவரின் நேரத்தை வழியில் கண்ட கூட்டாளி தீர்மானிப்பார். அடுத்து, “அஜல் வந்தால் யார் தடுப்பது, எல்லாம் விதிப்படி” என்ற ஆறுதல். இழந்தவருக்கு அது ஆறுதலாக இருக்கட்டும். இழக்காமல் இருக்க வேண்டியவர்களுக்கு அது சாட்டாகக்கூடாது. ‘ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு’ என்ற நபிமொழியைக் கேளாத முஸ்லிம் வீடு இந்தக் கரையில் இல்லை. முயற்சியை விட்டுவிட்டு நம்பிக்கையை மட்டும் வைப்பதை எந்த மார்க்கமும் கற்பிக்கவில்லை.

“மறந்தவரைக் கடுமையாகத் தண்டித்தால் மற்றவர்கள் விழிப்பாக இருப்பார்கள்” என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். சட்டம் நம்மிடம் இருக்கிறது. தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவு கவனயீனத்தால் மரணம் விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. 1995இல் சேர்க்கப்பட்ட 308ஏ பிரிவு பிள்ளையை வேண்டுமென்றே புறக்கணிப்பவரையும் கைவிடுபவரையும் தண்டிக்கிறது. சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றுகிறவரும், தெரிந்தே விட்டுச் செல்பவரும் சட்டத்துக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தண்டனைப் பயம் வேலை செய்ய வேண்டுமானால் செய்கிறவருக்குத் தான் செய்வது தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையை இறக்கிவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பவரை எந்தப் பயம் தடுக்கும்? சிறைத் தண்டனையைவிடப் பெரிய தண்டனை அவருக்கு ஏற்கனவே கிடைத்துவிட்டது. அதனால்தான் இத்தாலி 2019 நவம்பரில் வேறு வழியை எடுத்தது. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஏற்றும் காரில், பிள்ளை ஆசனத்தில் இருக்கும்போதே சாரதி விலகினால் எச்சரிக்கும் கருவி இருக்க வேண்டும் என்ற சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மனிதன் மறப்பான் என்று ஒப்புக்கொண்டு எழுதிய சட்டம் அது.

இனி நாம் செய்யக்கூடியவை. பிள்ளையை ஏற்றும்போதே கைப்பையையோ போனையோ பின் ஆசனத்தில் பிள்ளையின் காலடியில் வையுங்கள். அதை எடுக்கப் பின் கதவைத் திறந்தே ஆக வேண்டும். பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டியைப் பூட்டுமுன் ஒவ்வொரு தடவையும் பின் ஆசனத்தைப் பாருங்கள். இருக்கும் நாளில் மட்டும் பார்ப்பது பழக்கமாகாது. வளவில் நிற்கும் காரையும் வேனையும் எப்போதும் பூட்டி, சாவியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். பிள்ளையைக் காணவில்லை என்றால் கிணற்றைப் பார்த்த உடனேயே வாகனங்களையும் டிக்கியையும் பாருங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் ஹோனை விடாமல் அழுத்தச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். எஞ்சின் ஓடாதபோதும் பெரும்பாலான வாகனங்களில் ஹோன் ஒலிக்கும். சாரதிமார் கையில் பெயர்ப் பட்டியல் இருக்கட்டும். ஏறும்போது ஒரு அடையாளம், இறங்கும்போது ஒரு அடையாளம், பின் கடைசி ஆசனம் வரை ஒரு நடை. பாலர் பாடசாலை ஆசிரியைகளிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அறிவிக்காமல் வராத பிள்ளையின் வீட்டுக்குக் காலை மணி அடித்து அரை மணி நேரத்துக்குள் ஒரு அழைப்பு எடுங்கள். செராஸிலும் மக்கினோஹராவிலும் அந்த ஒரு அழைப்புத்தான் இல்லாமற் போனது. ஜும்ஆவுக்கு முன்னும் கோயில் திருவிழாவிலும் ஆலய ஆராதனையிலும் ஒலிபெருக்கியில் இதை ஒரு வாக்கியமாகச் சொல்லலாம். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போது தடுப்பூசியோடு இதையும் நினைவூட்டலாம்.

வீதியில் போகும்போது பூட்டிய வாகனத்துக்குள் தனியே ஒரு பிள்ளையைக் கண்டால், அடுத்தவர் விஷயம் என்று கடந்து போகாதீர்கள். உரிமையாளரை அழைக்கச் சத்தமிடுங்கள், 119க்கும் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸுக்கும் அறிவியுங்கள். பிள்ளை சோர்ந்தோ மயங்கியோ இருந்தால் காத்திருக்க நேரமில்லை. பிள்ளைக்குத் தூரமான கண்ணாடியை உடையுங்கள். வெளியே எடுத்து நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைக் கழற்றி, தண்ணீரால் உடலை நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அம்பியூலன்ஸ் வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். உடைந்த கண்ணாடிக்குப் பதில் கண்ணாடி போடலாம், காசு சேர்த்துக் கொடுக்கலாம். பிள்ளை பராமரிப்பின்றி விடப்படுவது தொடர்கதையாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

நான் மறக்க மாட்டேன் என்ற உறுதியோடு இந்த மண்டபத்தை விட்டுப் போகாதீர்கள். மறந்தவர்கள் எல்லோரிடமும் அந்த உறுதி இருந்தது. நானும் மறக்கக்கூடியவன், நானும் மறக்கக்கூடியவள் என்ற எண்ணத்தோடு போங்கள். இன்றிரவே உங்கள் வீட்டு வாகனத்தைப் பூட்டிச் சாவியை உயரத்தில் மாட்டுங்கள். நாளைக் காலை உங்கள் பிள்ளை ஏறும் வேனின் சாரதியிடம், கடைசி ஆசனம் வரை நடந்து பார்க்கிறீர்களா என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள்.